மரச் சன்னல் கதவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுக்கார வீடுகளில் இருப்பதுபோல, சாய்வான பட்டிகள் வைத்த சன்னல் கதவு செய்யப்போகிறோம். பர்மா தேக்குதான் போட வேண்டும் என்கிறார் ஆசாரி. நாட்டுத் தேக்கு போதாதா?

பதில்: தாராளமாகப் போதும். எந்த ஊர்த் தேக்கு என்பதைவிட வைரம் எவ்வளவு என்று பாருங்கள். கரையானைத் தாங்குவது நடுவில் உள்ள பழுப்பு வைரம்தான். ஓரத்து வெள்ளைப் பகுதி மற்ற மரங்களைப்போலவே உளுத்துவிடும். 20 வருடத்தில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். மரவாடியில் பலகையின் அறுத்த முனையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், இரண்டும் தனித்தனியே தெரியும். வேங்கையும் உறுதியான மரம். ஆனால் பெயிண்ட் இல்லாமல் விட்டால் மழையில் சாயம் இறங்கிச் சுவரில் கறை படியும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதவு மூடவே மாட்டேன் என்கிறது. இழைத்துவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம், தயவுசெய்து. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. ஈரத்துக்கு ஊதுவதும் வெயிலுக்குச் சுருங்குவதும் அகலத்தில்தான். மழையில் ஊதியிருக்கும்போது இழைத்தால், சித்திரையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விழும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

முதலில் ஒன்று செய்யுங்கள். கதவைத் திறந்து, ஒரு கைக்கண்ணாடியை அதன் அடியில் பிடித்துப் பாருங்கள். பெயிண்ட் படாத வெறும் மரம் தெரிகிறதா? நான் பார்க்கப்போகும் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. முகப்பில் மூன்று கோட் அடித்துவிட்டு, யார் கண்ணிலும் படாத மேல் முனையையும் அடி முனையையும் விட்டுவிடுகிறார்கள். மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவதே நார் வெட்டுப்பட்ட முனைகள் வழியாகத்தான். சட்டங்களின் முனைகள் அங்கேதான் வெளியே தெரிகின்றன. கோடையில் நன்றாகக் காய்ந்ததும் அந்த முனைகளுக்கு பிரைமரும் இரண்டு கோட் பெயிண்டும் கொடுங்கள். அதற்கு அடுத்த மழையிலும் பிடித்தால், அப்புறம் வரும் கோடையில் அளவாக இழைக்கலாம்.

கேள்வி: வேலை சுத்தமாக இருக்கிறதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயிண்ட் அடிக்கும் முன் போய்ப் பாருங்கள். மூலைகளில் ஒரு சட்டத்தில் துளை குடைந்து, மற்றதன் நுனியை நாக்குபோலச் செதுக்கிச் செருகி, மூங்கில் ஆணி அடித்திருந்தால் நல்லது. சும்மா முட்டுக்கொடுத்து ஸ்குரூ போட்டிருந்தால் சில வருடங்களில் தொங்கிவிடும். சாய்பட்டிகளைச் சட்டத்தில் வெட்டிய காடியில் (பள்ளத்தில்) செருகினால் போதும். பசை போட்டு இறுக்கினால் ஊதிச் சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். பலகையின் ஈரத்தை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். நம் கடலோர ஊர்களுக்கு 12 முதல் 15 சதவீதம் சரி.

கேள்வி: சன்னல் படியில் தினமும் மாவுபோலக் கொட்டிக் கிடக்கிறது. கரையானா?

பதில்: இல்லை. கரையான் மண்புற்று கட்டும். இது துளைக்கும் வண்டு, அநேகமாக வெள்ளைப் பகுதியில்தான் இருக்கும். கூட்டித் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். புதிதாக மாவு விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. பெயிண்டைச் சுரண்டிவிட்டு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை ஊறவிடுங்கள். பட்டி நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வி: கடற்கரை வீடு. கீல் துருப்பிடிக்கிறது.

பதில்: 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகத் தருவது 304. உப்புக்காற்றில் அதிலும் பழுப்புப் புள்ளி வரும். ஸ்குரூவும் அதே ரகமாக இருக்கட்டும்.