நியூசிலாந்தின் வைப்பூவில் ஸ்காட்லாந்துக் குடியேறிகளின் பிரஸ்பிட்டேரியன் சபை எப்படி உருவானது?

வைப்பூவில் அது உருவாகவில்லை, வந்து இறங்கியது. சபைக்கு வயது முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஊர் கிடைத்தது. நான் ஆக்லாந்தில் வசிக்கிறேன். வடக்கே போகும் வழியில் அவ்வூர்க் கடைத்தெருவில், உச்சியில் சிங்கம் நிற்கும் கருங்கல் தூணைப் பார்த்துவிட்டுத்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

பிரஸ்பிட்டேரியன் என்பது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. அதன் முறையில் போதகர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. சபையின் மூத்தவர்களான மூப்பர்கள் உடன் அமர்வார்கள். அவர்களுக்கும் மேலே வட்டார மன்றம் உண்டு. இங்கே எல்லாமாக இருந்தவர் நார்மன் மெக்லவுட் என்ற ஒரே மனிதர்.

ஸ்காட்லாந்தின் அசின்ட் பகுதியில் 1780-ல் பிறந்தவர். இறையியல் படிப்பைப் பாதியில் விட்டார். அங்கிருந்த திருச்சபை கெட்டுவிட்டது என்பது அவர் வாதம். 1817-ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியில் அவர் செய்த பிரசங்கத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. அமெரிக்காவின் ஓஹாயோவுக்குப் போகலாம் என்று அவர்கள் கப்பல் கட்டியபோது அக்கம்பக்கத்தார் அதைப் ‘பேழை’ என்று கேலி செய்தார்கள். (நோவா ஸ்கோஷியாவில் பேழை! வெள்ளத்துக்குத் தப்பப் பேழை கட்டியவர் பெயர் தமிழ் பைபிளில் நோவா என்பதால், அதைப் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.) ஓஹாயோ போகவில்லை, 1820-ல் கேப் பிரெட்டன் தீவின் செயின்ட் ஆன்ஸில் குடியேறினார்கள்.

அங்கே போதகர், பள்ளி ஆசிரியர், நீதிபதி மூவரும் அவரே. முறையான குருப்பட்டமே 1827-ல்தான், அதுவும் நியூயார்க் மாநிலத்துக்குப் போய்ப் பெற்றார். மனைவி புதுத் தொப்பி அணிந்து ஆராதனைக்கு வந்ததற்காகப் பிரசங்க மேடையிலிருந்தே அவரைக் கண்டித்தார் என்று ஒரு கதை உண்டு. எனக்குத் திகைப்பாக இருப்பது வேறொன்று: இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தை அவர் நடத்தவில்லை என்கிறார்கள். அதைப் பெறத் தகுதியானவர் யாருமில்லை என்று நினைத்தாராம். அப்படியும் சபை கலையவில்லை! பயமா பக்தியா என்றால், இரண்டும் என்பேன்.

1840-களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் வந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து மகன் எழுதிய கடிதமும் அந்தச் சமயத்தில் வந்துசேர்ந்தது. 1851-ல், தம் 71-ஆம் வயதில், ‘மார்கரெட்’ கப்பலில் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவில் தங்க வேட்டைக் காலம், நிலம் எட்டாக்கனி. மெல்பர்னில் கூடார வாழ்க்கை. டைபாய்டுக்கு மூன்று மகன்களைப் பறிகொடுத்தார். பிரியாமல் ஒரே இடத்தில் வாழ நியூசிலாந்தில் நிலம் கிடைக்கவே 1854-ல் வைப்பூ வந்தார்கள். 1860-க்குள் நோவா ஸ்கோஷியாவிலிருந்து மொத்தம் ஆறு கப்பல்களில் 800-க்கும் மேற்பட்டோர் கிளம்பி வந்துவிட்டார்கள்.

மெக்லவுட் 1866-ல் காலமானார். ஐந்தே ஆண்டில், 1871-ல், ஊரார் ஸ்காட்லாந்து விளையாட்டு விழா தொடங்கிவிட்டார்கள். இன்றும் புத்தாண்டையொட்டி அவ்விழாவில் ஸ்காட்லாந்துப் பைக்குழல் (பேக்பைப்) இசையும் நடனமும் உண்டு. புதுத் தொப்பிக்கே கோபித்தவர் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?