மூன்று மாதக் குழந்தை ராத்திரி அடிக்கடி விழித்தால் வளர்ச்சி பாதிக்குமா?

மூன்று மாதப் பெண் குழந்தை ராத்திரியில் இரண்டு மணி நேரம் கூடச் சேர்ந்தாற்போல் தூங்குவதில்லை, இப்படியே போனால் உடம்பு தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பிள்ளையை வைத்துக்கொண்டு இதே கவலையில் நானும் அழுதிருக்கிறேன். குழந்தையின் எடை ஒழுங்காக ஏறுகிறதா? அப்படியென்றால் இந்த விழிப்பால் வளர்ச்சி குறையாது.

என் மகன் "ம்ம்" என்று முனகினாலே வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வேன். உடனே வீறிட்டு அழுவான். மகள் பிறந்தபோது குழந்தை மருத்துவர், "சத்தம் கேட்டதும் தூக்காதீங்க, ஒரு நிமிஷம் பாருங்க" என்றார். அன்றைக்கு ராத்திரி விடிவிளக்கு வெளிச்சத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூடின இமைக்குள் கண் உருண்டது. பால் குடிப்பதுபோல் வாயைச் சப்பினாள், சிணுங்கினாள், ஒரு கையைத் தூக்கிப் போட்டாள். அப்புறம் மூச்சு சீராகிவிட்டது. அவள் எழுந்திருக்கவே இல்லை! பச்சைக் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அசைவோடுதான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் லேசான தூக்கமும் ஆழ்ந்த தூக்கமும் ஒரு சுற்று வந்துவிடும். மகனை எத்தனை ராத்திரி நானே எழுப்பிவிட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நிஜமாகவே பசித்து எழுந்தால் பால் கொடுங்கள். தாய்ப்பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். "பால் பத்தலை, ராத்திரி மட்டும் பவுடர் பால் கொடு, நல்லா தூங்கும்" என்று உறவில் ஒருவர் சொன்னதைக் கேட்டு மகனுக்குப் பத்து நாள் கொடுத்தேன். அவன் தூக்கம் கூடவில்லை, எனக்குப் பால்தான் குறைந்தது. கிராம சுகாதார செவிலியர் தாய் சேய் நல அட்டையைப் பிரித்து, எடைக்கோடு மேலே போவதைக் காட்டிய பிறகுதான் நிறுத்தினேன். முதல் மூன்று மாதத்தில் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. ஐந்து மாத வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகும். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று தைரியமாக இருக்கலாம்.

தூக்கக் கணக்கைப் பகலும் ராத்திரியும் சேர்த்துப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரம், நான்கிலிருந்து பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். நான் காலண்டர் தாளின் பின்பக்கம் இருபது நிமிடம், நாற்பது நிமிடம் என்று குறித்துக் கூட்டினேன், பதினைந்து மணி நேரம் வந்தது. இரவு பகல் வித்தியாசம் உடம்புக்குப் பிடிபடுவதே இரண்டு மூன்று மாதத்தில்தான். காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். ராத்திரி பால் கொடுக்கும்போது டியூப்லைட் போடாதீர்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள்.

தூளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. என் அம்மா புடவையில் தூளி கட்டித்தான் எங்கள் எல்லோரையும் வளர்த்தார். ஆனால் அதில் உடம்பு வளைந்து மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்கு இடைஞ்சல். ஆட்டித் தூங்க வைத்தாலும், தூங்கினதும் எடுத்து, அமுங்காத சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, போர்வை எதுவும் முகத்தருகே வேண்டாம். 1990-களில் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்த பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

எடை ஏறவில்லை, பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடக்கிறாள், மூச்சு விடத் திணறுகிறாள், காய்ச்சல் அடிக்கிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, பிறந்தபோது எத்தனை கிலோ, கடைசியாகத் தடுப்பூசிக்குப் போனபோது எத்தனை கிலோ என்று அட்டையைப் பார்த்துக் கருத்தில் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.