டாக்டர் ரூம் வாசல்ல எவ்வளவு நேரம்தான் உக்காந்திருக்கறது?

நான் ஹாஸ்பிடல் ஓபில நர்ஸா ரொம்ப வருஷம் வேலை பார்த்தவ, அதனாலயோ என்னவோ காத்திருக்கறது பத்தின கேள்விங்க எனக்கு நிறைய வருது. இந்த தடவை அதை மட்டும் தனியா எடுத்து பதில் எழுதறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. காலைல 10.30க்கு அப்பாயின்ட்மெண்ட். 10.15க்கே போய் பேர் குடுத்துட்டேன். 12 மணி தாண்டியும் கூப்பிடல. போய் கேட்டா "கூப்பிடுவோம், உக்காருங்க" இவ்வளவுதான் பதில். ஆபீஸ்ல பர்மிஷன் முடிஞ்சே போச்சு. எழுந்து போயிடலாம்னு பார்த்தேன், ஆனா இவ்வளவு நேரம் உக்காந்தது வீணாயிடுமேன்னு திரும்ப உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம் வரைக்கும் பொறுத்துக்கலாம், எப்ப கிளம்பலாம்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

பதில்: கணக்கு சொல்றேன் தம்பி, ஆனா இது எந்த ரூல் புக்லயும் இருக்கறது இல்ல, பார்த்து பழகி நானா வெச்சிருக்கறது. 20 நிமிஷம் வரைக்கும் லேட்டை லேட்டாவே எடுத்துக்காதீங்க. அரை மணி ஆச்சுன்னா எழுந்து போய் கேளுங்க. ஒரு மணி நேரம் ஆச்சுன்னா இருக்கறதா போறதான்னு முடிவு பண்ணுங்க. இதுல ரொம்ப முக்கியம் அந்த நடுவுல இருக்கற அரை மணிதான், நம்ம ஆளுங்க அதைத்தான் விட்டுடறாங்க. ரெண்டு மணி நேரம் வாயை திறக்காம உக்காந்திருந்துட்டு அப்புறம் ஒரேடியா வெடிக்கறாங்க, அந்த நேரத்துல டெஸ்க்ல இருக்கறவங்களுக்கும் பதில் சொல்ற நிதானம் இருக்காது.

கேக்கறதையும் சரியா கேக்கணும். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்"னு கேட்டீங்கன்னா "கொஞ்ச நேரம்"தான் பதிலா வரும், ஏன்னா அவங்களுக்கே தெரியாது. அதுக்கு பதிலா "டாக்டர் இப்ப ரூம்ல இருக்காரா, ரவுண்ட்ஸ்ல இருக்காரா, தியேட்டர்ல இருக்காரா, எனக்கு முன்னாடி எத்தனை பேர் இருக்காங்க"ன்னு கேளுங்க. இது ரெண்டுக்கும் அவங்களால பதில் சொல்ல முடியும். டாக்டர் ரூம்ல இருக்கார், முன்னாடி நாலு பேர்னா ஆளுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம்னு போட்டா ஒரு மணி நேரத்துக்குள்ள உங்களை கூப்பிட்டுடுவாங்க. டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார்னு சொன்னா அது எப்ப முடியும்னு அவருக்கே சொல்ல முடியாது, அப்ப இன்னொரு தேதி வாங்கிட்டு கிளம்பறதுதான் புத்திசாலித்தனம்.

ஏன் இப்படி ஆகுதுன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. சில இடத்துல ஆளுக்கு 10 நிமிஷம்னு போட்டிருப்பாங்க. ஆனா ரெண்டாவதா உள்ள போனவருக்கு பயாப்சி ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்திருக்கு, அதை சொல்லி, அவங்க அழுது, அடுத்து என்ன பண்றதுன்னு பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகும், ஆகணும். அந்த அரை மணி அவருக்கு அப்புறம் இருக்கற எல்லார் மேலயும் ஏறும். அதோட, பேர் குடுத்துட்டு வராம போறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அதுக்கு ஈடு கட்டறேன்னு ஒரே நேரத்துக்கு ரெண்டு பேரை போடறாங்க, ரெண்டு பேரும் வந்துட்டா அன்னைக்கு பூரா இழுக்கும். இது புதுசா வந்த பிரச்சனையும் இல்ல. 1952லயே நார்மன் பெய்லிங்கற புள்ளியியல் ஆராய்ச்சியாளர் பிரிட்டன்ல ஓபி க்யூக்களை கணக்கு போட்டு பார்த்தார். ஆரம்பத்துல ரெண்டு பேரை வரச்சொல்லிட்டு, அதுக்கப்புறம் சராசரியா ஒருத்தரை பார்க்க எவ்வளவு நேரம் ஆகுதோ அந்த இடைவெளில ஒவ்வொருத்தரா வரச்சொன்னா டாக்டரும் சும்மா இருக்க மாட்டார், பேஷன்டும் ரொம்ப நேரம் உக்காந்திருக்க வேண்டாம்னு சொன்னார். அந்த கணக்குல டாக்டர் நேரத்துக்கு வந்து உக்காரணுங்கறதும் அடக்கம்தானே. 10 மணிக்கு ஆரம்பிக்க வேண்டியதை 11 மணிக்கு ஆரம்பிச்சா நடுவுல யாராவது வராம போனாதான் உண்டு, இல்லன்னா அந்த ஒரு மணி நேரத்தை யாராலயும் திரும்ப எடுக்க முடியாது, கடைசி ஆள் வரைக்கும் அது போகும். அதனால எமர்ஜென்சினால வர்ற லேட்டை மனசார பொறுத்துக்கோங்க. ஆனா தினமும் லேட்டா ஆரம்பிக்கற இடம்னா அதை பொறுத்துக்கணும்னு ஒரு அவசியமும் இல்ல, எழுதி குடுங்க, முடிஞ்சா டாக்டரை மாத்துங்க.

"இவ்வளவு நேரம் உக்காந்தாச்சே"ன்னு சொன்னீங்களே, அதை மட்டும் காரணமா வெச்சுக்காதீங்க. போன நேரம் போனதுதான். இன்னும் எவ்வளவு ஆகும், வந்த விஷயம் இன்னொரு நாளைக்கு தாங்குமா, இந்த ரெண்டை மட்டும் பாருங்க. வருஷா வருஷம் பண்ற செக்கப்னா தாங்கும். புதுசா வந்த வலி, நாளுக்கு நாள் ஏறிட்டே போற காய்ச்சல், ஆபரேஷன் பண்ண இடத்துல சிவப்பு, சீழ், இதெல்லாம்னா எவ்வளவு எரிச்சல் வந்தாலும் பார்த்துட்டுதான் போகணும், போயே ஆகணும்னா அன்னைக்கே வேற டாக்டரையாவது பாருங்க.

கிளம்பறதா முடிவு பண்ணிட்டா சொல்லாம கிளம்பாதீங்க. சொல்லாம போனா ரெக்கார்டுல "வரல"ன்னு ஏறிடும், அடுத்த தடவை தேதி வாங்கறப்போ அது உங்களுக்குத்தான் தொல்லை. டெஸ்க்ல போய் "நான் 12 மணி வரைக்கும் இருந்தேன், கிளம்பறேன், காலைல முதல் ஸ்லாட் இல்ல மதிய பிரேக் முடிஞ்ச உடனே வர்ற ஸ்லாட் வேணும்"னு கேளுங்க, லேட் ஏறாம இருக்கற ஸ்லாட் அந்த ரெண்டுதான். பணம் கட்டியிருந்தா அதை அடுத்த தேதிக்கு மாத்தித்தர சொல்லுங்க. தினசரி மாத்திரை தீரப்போற நிலைமைன்னா அதை கண்டிப்பா சொல்லி அடுத்த தேதி வரைக்கும் சீட்டு எழுதி வாங்கிட்டு போங்க, பிபி மாத்திரையும் வலிப்பு மாத்திரையும் நடுவுல நின்னுபோனா ஆபத்து.

இன்னொன்னு. கோவத்தோட உள்ள போய் உக்காந்த உடனே பிபி பார்த்தா அது கூடத்தான் காட்டும். அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்து, பாத்ரூம் போயிட்டு வந்து, அதுக்கு அரை மணி முன்னாடி காபி எதுவும் குடிக்காம பார்க்கறதுதான் சரியான அளவு. அதிகமா வந்துச்சுன்னா "இன்னொரு தடவை பாருங்க"ன்னு தயங்காம கேளுங்க.

கேள்வி: அப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடறார். ஃபாஸ்டிங் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு போனேன். ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டாங்க. அப்பாவுக்கு கை நடுங்க ஆரம்பிச்சுது, வேர்த்துச்சு. டெஸ்ட் கெட்டுடும்னு ஒண்ணுமே குடுக்காம இருந்தோம். நாங்க பண்ணது சரியா?

பதில்: இல்லம்மா. டெஸ்ட்டை நாளைக்கு எடுத்துக்கலாம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, பேச்சு குழறுறது, இதெல்லாம் சுகர் இறங்குறதோட அறிகுறி. அந்த நிமிஷமே நர்ஸை கூப்பிட்டு விரல் நுனில குத்தி பார்க்க சொல்லணும், 70க்கு கீழ இருந்தா 15 கிராம் குளுக்கோஸ் இல்லன்னா அதுக்கு ஈடா சர்க்கரை கலந்த தண்ணி, ஜூஸ் ஏதாவது குடுத்து, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பார்க்கணும், ஏறலன்னா மறுபடியும் குடுக்கணும். மிஷின் கைல இல்லன்னா பார்க்கறதுக்காக காத்திருக்காதீங்க, இனிப்பை முதல்ல குடுத்துடுங்க. நினைவு தப்பினவங்க வாயில மட்டும் எதையும் ஊத்தக்கூடாது.

அடுத்த தடவை அப்பாயின்ட்மெண்ட் வாங்கறப்பவே "இன்சுலின் போடறவர், ஃபாஸ்டிங்ல வர்றார், முதல் ஆளா எடுங்க"ன்னு சொல்லிடுங்க, போன உடனே டெஸ்க்ல இன்னொரு தடவை சொல்லுங்க. இது சலுகை கேக்கறது இல்ல, அவங்க செய்ய வேண்டிய வேலை. இன்சுலினை காலைல போடறதா வேண்டாமான்னும் முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. வயித்து ஸ்கேனுக்கு தண்ணி குடிச்சு பிளாடரை நிரப்பிட்டு உக்காந்திருக்கறவங்களுக்கும் இதேதான் சொல்வேன், தாங்க முடியலன்னா போய் சொல்லுங்க, வலி வர்ற வரைக்கும் அடக்கிட்டு உக்காராதீங்க.

கேள்வி: எமர்ஜென்சில கை எலும்பு முறிஞ்சு மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். எனக்கு அப்புறம் வந்த மூணு பேரை உள்ள கூட்டிட்டு போனாங்க. இதென்ன நியாயம்?

பதில்: வலியோட மூணு மணி நேரம்னா கொடுமைதான், மறுக்கல. ஆனா எமர்ஜென்சில யார் முன்னாடி வந்தாங்கன்னு பார்க்கறதில்ல, யாருக்கு தாமதமானா உயிர் போகும்னுதான் பார்ப்பாங்க. மான்செஸ்டர் முறைன்னு ஒண்ணு பல நாடுகள்ல இருக்கு, அதுல யாரை எவ்வளவு நேரத்துக்குள்ள டாக்டர் பார்க்கணும்னு அஞ்சு கலரா பிரிப்பாங்க. சிவப்புன்னா உடனே, ஆரஞ்சு 10 நிமிஷம், மஞ்சள் ஒரு மணி, பச்சை ரெண்டு மணி, நீலம் நாலு மணி. உங்களுக்கு அப்புறம் நெஞ்சு வலியோட ஒருத்தர் நடந்தே உள்ள வந்திருப்பார், பார்க்க நல்லாத்தான் இருப்பார், ஆனா அவருக்கு வந்த 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணுங்கறதுதான் வழிமுறை.

ஆனா ஒரு விஷயம், முதல்ல குடுத்த கலர் கடைசி வரைக்கும் அப்படியே இருக்கணும்னு இல்ல. காத்திருக்கறப்போ உடம்பு மாறினா கலரும் மாறணும், அதை நீங்க சொன்னாதான் அவங்களுக்கு தெரியும். விரல் மரத்து போகுது, நீலமா ஆகுது, சில்லுனு இருக்குன்னா உடனே எழுந்து போய் சொல்லணும். வலிக்கு ஊசியோ மாத்திரையோ கேக்கவும் எக்ஸ்ரே வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இதை படிக்கற எல்லாருக்குமே சொல்றேன். நெஞ்சை அழுத்தற வலி, மூச்சு திணறல், திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணிக்கறது, ஒரு கை தூக்க முடியாம விழறது, பேச்சு குழறுறது, நிக்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்கு குழந்தை அசைவு குறைஞ்சு போறது, மூணு மாசம் கூட ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இதுக்கெல்லாம் நான் மேல சொன்ன அரை மணி ஒரு மணி கணக்கு எதுவுமே கிடையாது. ஓபி வரிசைலயே உக்காரக்கூடாது, நேரா எமர்ஜென்சிதான். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியை கரைக்கற மருந்தை அறிகுறி ஆரம்பிச்சதுலேந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "டோக்கன் எடுத்துட்டோம், கூப்பிடட்டும்"னு ரெண்டு மணி நேரத்தை வெயிட்டிங் ஹால்ல தொலைச்ச குடும்பங்களை பார்த்திருக்கேன், அதனாலதான் இதை இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

கேள்வி: ஸ்பெஷலிஸ்ட்டை பார்க்க மூணு மாசம் கழிச்சுதான் தேதி குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கறதா?

பதில்: எதுக்காக பார்க்கறீங்கன்னு எழுதலையே. பழைய மூட்டு வலின்னா மூணு மாசம் எரிச்சல்தான், ஆபத்து இல்ல. ஆனா மலத்துல ரத்தம், காரணமே இல்லாம எடை குறையறது, புதுசா வந்த கட்டி, முழுங்கறதுக்கு கஷ்டம், மாதவிடாய் நின்னப்புறம் ரத்தம், இதுல ஏதாவது இருந்தா மூணு மாசத்தை ஏத்துக்காதீங்க. உங்களை அனுப்பின டாக்டர்கிட்டயே திரும்ப போய் "அவசரம்"னு எழுதி வாங்குங்க, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு போன் பண்ணா மாசம் வாரமா குறையறதை நிறைய பார்த்திருக்கேன். அதோட, யாராவது கேன்சல் பண்ணா கூப்பிட சொல்லி பேர் குடுத்து வைங்க. கேட்டு வெச்ச டெஸ்ட் எல்லாம் அதுக்குள்ள எடுத்து முடிச்சுடுங்க, இல்லன்னா மூணு மாசம் கழிச்சு போய் டெஸ்ட் எழுதி வாங்கிட்டு வந்து இன்னொரு தேதிக்கு காத்திருக்கணும். உடம்புல புதுசா ஏதாவது மாறினா அன்னைக்கே போன் பண்ணி சொல்லுங்க, தேதி வரட்டும்னு இருக்காதீங்க.

கேள்வி: நான் ஒரு கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்கேன் அக்கா. டாக்டர் லேட்டா வர்றார், திட்டு எனக்கு விழுது. நான் என்ன பண்ணட்டும்?

பதில்: உன் நிலைமை எனக்கு நல்லா புரியுதும்மா, தப்பு உன்னுது இல்ல. ஆனா உன் கைல ஒண்ணு இருக்கு, அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயா எழுந்து சொல்றது. "டாக்டர் இன்னும் வரல, முக்கால் மணி நேரம் ஆகும் போல இருக்கு, வெளில போயிட்டு வர்றவங்க போயிட்டு வாங்க, போன் பண்றேன்"னு சத்தமா ஒரு தடவை சொல்லு, அரை மணிக்கு ஒரு தடவை திரும்ப சொல்லு. வெளில போறவங்க வரிசை போகாதுன்னும் சொல்லிடு, அந்த பயத்துலதான் பாத்ரூம் கூட போகாம உக்காந்திருப்பாங்க. அப்படி சொல்ற நாள்ல ஜனங்க கோவப்படறது நிஜமாவே குறையும், நான் டெஸ்க் பக்கத்துலயே நின்னு பார்த்தது இது. தினமும் எத்தனை மணிக்கு முதல் பேஷன்ட் உள்ள போனாங்கன்னு ஒரு நோட்ல குறிச்சு வெச்சு மாசக்கடைசில மேனேஜர்கிட்ட காட்டு. வாயால சொன்னா புகார்னு தள்ளிடுவாங்க, தேதியும் நேரமும் எழுதி இருந்தா உக்காந்து பேசித்தான் ஆகணும்.