கோடியக்கரையில் விளக்கு வேண்டாம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளோடு கோடியக்கரை போயிருந்தோம். காட்டில் வெளிமான், குதிரை எல்லாம் பார்த்ததில் சந்தோஷம். ஆனால் கடற்கரையில் ஒன்றுமே இல்லை. நிழல் இல்லை, டீக்கடை இல்லை, காலெல்லாம் குத்துகிற ஒரு செடி, செத்து ஒதுங்கிய ஓர் ஆமை. அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். இவ்வளவு நீளமான கரையைச் சுத்தம் செய்து, விளக்கும் பெஞ்சும் போட்டால் வேளாங்கண்ணிக்கு வருகிற கூட்டம் இங்கேயும் வருமே? நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதக்கூடாது?

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

எழுதுகிறேன், ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேர் எதிராக. அந்தக் கூட்டம் அங்கே வரவே கூடாது என்று நினைக்கிறவன் நான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலில் குத்தியது ராவணன் மீசை. அதன் முற்றிய கதிர் முள்ளுருண்டையாகக் கழன்று காற்றோடு கரை நெடுக உருண்டு ஓடும், போகிற வழியில் விதை விழும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடியிருந்தால் அரை மணி நேரம் போதாது என்றிருப்பார்கள். அதுவும் அடம்பங்கொடியும்தான் பறக்கிற மணலைப் பிடித்து மேடாக்கி வைக்கின்றன. சுத்தம் செய்கிறேன் என்று எந்திரத்தை இறக்கினால் முதலில் போவது இவை, அப்புறம் மேடு. 2004 சுனாமியில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் மிச்சத்தையும் பறிகொடுத்து, 2018 நவம்பரில் கஜா புயலிடமும் அடி வாங்கிய கரை அது. அங்கே மணல்மேட்டில் கை வைப்பதை லேசாகப் பேச என்னால் முடியாது.

அடம்பங்கொடியைக் குனிந்து பார்த்தீர்களா? இலை நடுவில் பிளந்து மானின் குளம்பு போலவே இருக்கும். சங்கப் புலவர் சொன்ன உவமைதான். கோடியக்கரையில் காட்டு மான் மணலுக்கு வந்து போவதால், நிஜக் குளம்புத் தடத்தையும் இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். இப்படிக் காட்ட எத்தனை ஊர் இருக்கிறது சொல்லுங்கள்.

அந்த ஆமை. நீங்கள் பார்த்தது அநேகமாகப் பங்குனி ஆமையாக இருக்கும், நம் கரையில் முட்டையிட அதிகம் வருவது அதுதான். மூச்சுவிட அது மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாமல் மூழ்கிச் சாகும். பிள்ளைகள் கேட்டிருந்தால் மறைக்காமல் இதைச் சொல்லுங்கள். தப்பித்து வருகிற பெண் ஆமை ராத்திரியில் கரையேறி, பின் துடுப்புகளால் அகப்பையில் அள்ளுகிற மாதிரி மணலை அள்ளி அள்ளிக் குழி பறித்து, நூறு முட்டைக்கும் மேல் இட்டு மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து மணலைத் தட்டி இறுக்கிவிட்டுத்தான் போகும். ஏறும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ இருந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடுவதும் உண்டு. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் கழித்துக் குஞ்சுகள் இருட்டில் வெளியே வரும். கடற்பக்கம்தான் வானம் வெளிச்சமாக இருக்கும், அதை நம்பித்தான் அவை ஓடுகின்றன. நீங்கள் கேட்கிற ஒரு வரிசை விளக்கைப் போட்டால் அத்தனையும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். விடியும்போது காக்கையும் நாயும் மிச்சம் வைக்காது. சென்னையில் மாணவர்கள் வருஷா வருஷம் ராத்திரி முழுக்கக் கரையில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பதற்கு இந்த விளக்குகளும் ஒரு காரணம். அந்த நிலைமையைக் கோடியக்கரைக்கும் இழுத்து வருவானேன்?

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்த ஈரநிலம். பூநாரையும் உள்ளான்களும் அவ்வளவு தூரம் பறந்து வருவதும் இந்த ஆளில்லாத கரையையும் சேற்றையும் நம்பித்தான். ஆடி, தை அமாவாசைக்கு ஆதிசேது என்கிற இந்தக் கரையின் புனிதத் துறையில் முழுக்குப் போட வருகிற சனத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, மீன்பிடி சீசனில் வந்து தங்குகிற வெளியூர் மீனவர்களையும்தான். அவர்களுக்கு அது ஒன்றுமில்லாத இடம் இல்லை.

கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அது ஊர்ப்பக்கமே இருக்கட்டும், மணலில் வேண்டாம்.

மறுபடி போனால் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். முக்கால் மீட்டர் அகலத்தில் ஒரு தடம் கடலிலிருந்து ஏறி, மறுபடி கடலுக்கே இறங்கியிருந்தால் ராத்திரி ஆமை வந்திருக்கிறது என்று அர்த்தம். தோண்ட வேண்டாம், வனத்துறை ஆட்களிடம் சொல்லுங்கள், முட்டையைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.