லேசர் லைட் எரியவில்லையா? முதலில் அடாப்டரைப் பாருங்கள்

கல்யாண சீசன் ஓய்ந்ததும் லைட் செட்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள் போல. இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி லேசர் லைட்டுக்குள் ஒளியை உண்டாக்கும் லேசர் டயோடு பற்றித்தான்.

சுவரில் புள்ளி புள்ளியாக அடிக்கும் லேசர் ஸ்டார் லைட் திடீரென்று எரியவில்லை. என்ன டயோடு வாங்க வேண்டும்? (அரூர்)

என்ன நிறம்? மோட்டார் சுற்றுகிறதா? அடாப்டர் எத்தனை வோல்ட்? ஒன்றுமே எழுதாமல் டயோடு நம்பர் கேட்டால் நான் ஜோசியமா பார்க்க முடியும்? சிவப்பு, பச்சை இரண்டும் சேர்ந்தே அணைந்திருந்தால் டயோடு பக்கமே போகாதீர்கள். அடாப்டர், சுவிட்ச், உள்ளே வரும் வயர், இவற்றில் ஒன்றுதான் போயிருக்கும். ஒரு நிறம் மட்டும் போயிருந்தால் அந்த நிறத்தின் மாட்யூலை (டயோடும் லென்ஸும் சேர்ந்த சிறு உருளையை) சந்தேகப்படலாம். பழுதான 5 வோல்ட் அடாப்டர்கூடத் தனியாக அளந்தால் ஒழுங்காக 5 காட்டும்; லைட்டை மாட்டியதும் 3.5-க்கு இறங்கிவிடும். சுமையோடு அளந்து பாருங்கள்.

மார்கழி மாதத்தில் பச்சை மட்டும் மங்கலாக வருகிறது, கால் மணி நேரம் கழித்துச் சரியாகிவிடுகிறது. (தளி)

பழுதில்லை, உங்கள் ஊர்க் குளிர். விலை குறைந்த பச்சை மாட்யூல்கள் பலவற்றில் பச்சை டயோடே கிடையாது. 808 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்பு ஒளி தரும் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 ஆக்குகிறது, இன்னொரு படிகம் அதை 532 ஆக்குகிறது. அதுதான் நம் கண்ணுக்குப் பச்சை. குளிரில் டயோடின் அலைநீளம் விலகிவிடும், படிகம் சரியாக உறிஞ்சாது. சூடேறும் வரை பொறுங்கள்.

அப்படியானால் பச்சையில் அந்த டயோடை மட்டும் மாற்றலாமா? (ஊத்தங்கரை)

வேண்டாம். படிகங்களை மறுபடி நேர்படுத்துவது வீட்டு மேசையில் நடக்கிற வேலை இல்லை. மாட்யூலையே மாற்றுங்கள். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2010-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை ஆய்வகம், பச்சை மங்கலாக வந்த ஒரு மலிவு லேசர் பாயின்டரைச் சோதித்தபோது, அதிலிருந்து சுமார் 20 மில்லிவாட் அகச்சிவப்பு கசிந்தது தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் இமையும் மூடாது. மங்கலாக இருக்கிறதே என்று துவாரத்துக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

புதுச் சிவப்பு டயோடு வாங்கி நேராக பேட்டரியில் வைத்தேன். பளிச்சென்று ஒரு நொடி எரிந்தது, இப்போது சாதா எல்இடி போல மங்கலாக எரிகிறது. (காவேரிப்பட்டணம்)

அது செத்துவிட்டது. லேசர் டயோடுக்கு மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் சர்க்யூட் வேண்டும் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அடுத்ததை வாங்குவதற்கு முன் லைட்டில் இருக்கிற டிரைவரை அளந்துவிடுங்கள். 1என்4007 என்ற சாதா டயோடு மூன்றை வரிசையாக இணைத்து, கூடவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து, லேசர் இருந்த இடத்தில் மாட்டுங்கள். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே 100 மில்லிவோல்ட் வந்தால் 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். நீல டயோடுக்கு வோல்டேஜ் அதிகம். மூன்றுக்குப் பதில் ஆறு போடுங்கள்.

அளந்தபின் பவரை நிறுத்தி, டிரைவரின் இரு வெளியீட்டு முனைகளையும் ஒரு வயரால் சேர்த்து, உள்ளே சார்ஜைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு, அந்த வயரை எடுத்தபின்தான் லேசரை வைக்க வேண்டும். காலி செய்யாமல் மாட்டினால் அந்த மிச்ச சார்ஜே போதும், டயோடு காலி. கையில் எர்த் பட்டை, எர்த் உள்ள சால்டரிங் ஐயன், டயோடின் ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு கூடாது. இன்னொன்று: பல சிவப்பு மாட்யூல்களில் பித்தளை உறையே பாசிட்டிவ். அது பெட்டியின் உலோகத்தில் பட்டால் ஷார்ட் ஆகும்.

மல்டிமீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பார்த்தால் போதாதா? (பென்னாகரம்)

முழுசாகச் செத்ததைக் கண்டுபிடிக்கலாம். உயிரோடு இருப்பதை நிரூபிக்காது. நீல டயோடுக்கு 4 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், பல மீட்டர்கள் அவ்வளவு தராது.

கோயில் திருவிழாக்களுக்கு லைட் செட் வைக்கிறேன். 50 மில்லிவாட் டயோடு போன இடத்தில் 300 அல்லது 500 போட்டால் தூரத்துக்கு நன்றாகத் தெரியுமே? கூட இருக்கும் பையன் கிரேட்டிங் கண்ணாடியையும் கழற்றிவிடலாம் என்கிறான். (பாலக்கோடு)

இந்தக் கேள்வி வருடா வருடம் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டு உபயோக ஸ்டார் லைட் ஓரளவு பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணமே அந்த கிரேட்டிங்தான். ஒரே கற்றையை நூறு புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொடுக்கிறது. அப்போதும் நடுப்புள்ளி மற்றவற்றைவிடப் பலமாகவே இருக்கும். கழற்றினால் மொத்தமும் ஒரே புள்ளியில் போய் விழும்.

இமை மூடுவதற்கு கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடி நம்மைக் காப்பாற்றுவது 1 மில்லிவாட் வரைக்கும்தான். லேசர் பாதுகாப்புத் தரத்தில் 5 மில்லிவாட்டைத் தாண்டி 500 வரை 3பி வகுப்பு. நேராகக் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதே அதன் பொருள். உள்ளே நுழையும் கற்றையை நம் கண்ணின் லென்ஸ் விழித்திரையில் ஏறக்குறைய லட்சம் மடங்கு செறிவாகக் குவித்துவிடும். எரிந்த இடம் திரும்ப வளராது, வலிக்கவும் வலிக்காது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்து லைட்டையே பார்த்துக்கொண்டிருப்பது யார்? குழந்தைகள். தேர் வரும் தெருவில் தோளில் தூக்கி வைத்திருக்கும் பிள்ளையின் கண் சரியாக உங்கள் கற்றையின் உயரத்தில் இருக்கும்.

தூரத்துக்குத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் எரியும் ஹாலஜனை அணையுங்கள். கொஞ்சம் புகை போடுங்கள். லைட்டை ஆள் உயரத்துக்கு மேலே, சுவரையோ கோபுரத்தையோ பார்த்து வையுங்கள். போன டயோடின் அதே நிறம், அதே அளவு, அதே மின்னோட்டம். அதற்கு மேல் ஒரு மில்லிவாட்கூட வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள மில்லிவாட் கணக்கையும் நம்பாதீர்கள். 5 என்று ஒட்டி 50 வருகிற சரக்கு சந்தையில் உண்டு. சோதிக்கும்போது கற்றை கறுப்பு அட்டையில் விழட்டும். வெல்டிங் கண்ணாடி இதற்கு உதவாது, அந்த அலைநீளத்துக்கான லேசர் கண்ணாடியே வேண்டும். பையனிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

வெளிச்சம் பாதியாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறை. (பர்கூர்)

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் லென்ஸின் வெளிப்பக்கத்தை மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கல்தூள் கீறிவிடும். கிரேட்டிங் பிளாஸ்டிக் தாளாக இருந்தால் ஊதுவதோடு நிறுத்துங்கள்.

மொட்டை மாடியிலிருந்து வானத்தில் அடிக்கலாமா? (ஓசூர்)

கூடாது. பெலகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருப்பது ஓசூர்க்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

மாட்யூல் எங்கே கிடைக்கும்? (கிருஷ்ணகிரி)

உங்களுக்குப் பெங்களூரு எஸ்பி ரோடு பக்கம். பழைய மாட்யூலைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் விட்டம்தான், ஆனாலும் அளந்து வாங்குங்கள். கடையில் எரிய வைத்துக் காட்டச் சொன்னால் கற்றையைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள், உங்கள் முகத்தில் அல்ல.