கடன் வசூலும் போர்க்கப்பலும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வெனிசுவேலா முற்றுகை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இரண்டு சந்தேகங்கள். கடன் வசூலிக்கப் படைபலம் கூடாது என்று 1907 ஹேக் மாநாட்டிலேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அப்புறமும் ஏன் இதை இன்றைய பிரச்சினையாக எழுதுகிறீர்கள்? அடுத்தது, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாங்கிய கடனைக் கட்டாதவர் பக்கம் நின்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தனிமனிதர் கட்ட வேண்டும், நாடு கட்ட வேண்டாமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

1907 ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம் முன்னால் அதே ஹேக் நகரில் ஒரு தீர்ப்பு வந்தது. என் கட்டுரையில் அதைப் போகிற போக்கில்தான் சொல்லியிருந்தேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

1902 டிசம்பரில் பிரிட்டனும் ஜெர்மனியும், பின்னாலேயே இத்தாலியும் வெனிசுவேலாவின் கடற்கரையை மறித்தன. பழைய கடன்பத்திரங்கள், ரயில்வே பாக்கி, உள்நாட்டுப் போரில் தங்கள் குடிமக்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் என்று மூன்றும் பட்டியல் நீட்டின. அதிபர் சிப்ரியானோ காஸ்ட்ரோவிடம் கஜானாவும் காலி, கடற்படை என்று சொல்லத்தக்கதும் இல்லை. இருந்த சில கப்பல்களையும் பிடித்துக்கொண்டார்கள். அதில் இரண்டை ஜெர்மானியர்கள் மூழ்கடித்தார்கள். புவேர்த்தோ கபேயோ கோட்டைமேல் குண்டு விழுந்தது. 1903 பிப்ரவரியில் வெனிசுவேலா இறங்கி வந்தது. லா குவைரா, புவேர்த்தோ கபேயோ ஆகிய இரண்டு துறைமுகங்களின் சுங்க வருமானத்தில் 30 சதவீதத்தைக் கடனுக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டது.

ஆனால் கடன் கொடுத்தவர்கள் அந்த மூன்று பேர் மட்டுமல்ல. அமெரிக்கா, பிரான்ஸ், ஸ்பெயின், பெல்ஜியம், நெதர்லாந்து, மெக்சிகோ, அப்போது ஒரே அரசரின் கீழ் இருந்த ஸ்வீடனும் நார்வேயும் வரிசையில் இருந்தன. இவை கப்பல் அனுப்பவில்லை. அந்த 30 சதவீதத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதா, முற்றுகை போட்டவர்களுக்கு முதலில் கொடுப்பதா? கேள்வி ஹேக்கின் நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போனது. 1904 பிப்ரவரி 22 அன்று மூன்று நடுவர்களும் ஒருமனதாகச் சொன்னார்கள்: முற்றுகை போட்டவர்களுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் முதலில் அமைதி வழிகளையெல்லாம் முயன்று பார்த்தார்களா என்று கேட்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

சர்வதேசச் சட்டத்தின் கடன் வரலாற்றில் இதைவிடக் கெட்ட தீர்ப்பு ஒன்றை நான் படித்ததில்லை. பொறுமையாகக் காத்திருந்தவர் பின்னால் நிற்க வேண்டும், பீரங்கியோடு வந்தவர் முதலில் வாங்கிக்கொண்டு போகலாம். அமைதிக்காகவே உருவாக்கப்பட்ட ஒரு மன்றம், அது விரும்பியதோ இல்லையோ, உலகத்துக்குச் சொன்ன செய்தி இதுதான். அதே ஆண்டு டிசம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட், ஐரோப்பியர் தலையிடுவதற்கு முன் லத்தீன் அமெரிக்காவில் நாங்களே தலையிடுவோம் என்ற தன் கொள்கையை அறிவித்தார். 1905-இல் டொமினிக்கன் குடியரசின் சுங்கச் சாவடிகள் அமெரிக்கர் கைக்குப் போயின. வருமானத்தில் 55 சதவீதம் கடன்காரர்களுக்கு, மீதிதான் நாட்டுக்கு.

இதற்குப் பிறகுதான் நீங்கள் சொல்லும் 1907 ஒப்பந்தம். அதன் முதல் விதி, படைபலம் கூடாது என்கிறது. அதே விதியின் அடுத்த பத்தியையும் படியுங்கள். கடன்பட்ட நாடு நடுவர் விசாரணைக்கு வர மறுத்தாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, தீர்ப்பு வந்த பிறகு அதன்படி நடக்காவிட்டாலோ இந்தத் தடை பொருந்தாது. அதாவது, படையை முழுதாக விலக்கவில்லை, நிபந்தனை போட்டார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகள் பல ஆட்சேபக் குறிப்போடுதான் கையெழுத்திட்டன. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை எடுத்து நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஜூலையில் படையே இறங்கியது, 1934 வரை இருந்தது. அதற்குக் கடன் மட்டும் காரணமில்லை. அதிபர் கொல்லப்பட்டதும், ஜெர்மனி மீதிருந்த பயமும் சேர்ந்தன. ஆனால் படை வந்ததும் சுங்கமும் கஜானாவும் அதன் கைக்குப் போயின.

1945-இல் ஐ.நா. சாசனம் வந்தபிறகு கடனுக்காகக் கப்பல் அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமில்லை. இது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையில் யார் முதலில் என்ற 1904-இன் கேள்வி தீரவில்லை. அர்ஜென்டினா 2001-இல் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. கடன்பத்திரக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெரும் தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத என்.எம்.எல். கேபிடல் நிறுவனம் 2012 அக்டோபரில் கானாவின் தெமா துறைமுகத்தில் 'லிபர்தாத்' என்ற அர்ஜென்டினக் கடற்படைக் கப்பலையே நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பிடித்து வைத்தது. கடல்சட்டத் தீர்ப்பாயம் டிசம்பரில் அதை விடுவித்தது. ஆனால் நியூயார்க் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஒத்துக்கொண்டவர்களுக்குப் பணம் கொடுப்பதானால் இவர்களுக்கும் முழுதாகக் கொடுக்க வேண்டும் என்றது. 2016-இல் அர்ஜென்டினா பேரம் பேசி முடித்தபோது, விட்டுக்கொடுத்தவர்களைவிட வழக்குப் போட்டவர்கள் பல மடங்கு அதிகம் பெற்றார்கள். இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை நிறுத்தி வைத்ததும், ஜூனில் அதன் கடன்பத்திரங்களை வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு நியூயார்க்கில் வழக்குப் போட்டது. எல்லோரும் சேர்ந்து சுமையைப் பங்கிடும்போது ஒருவர் மட்டும் விலகி நின்று முழுத்தொகை கேட்கலாமா? இதைத் தீர்க்க எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை இல்லை. அதனால்தான் இன்றைய பிரச்சினை என்று எழுதினேன்.

சரி, இரண்டாவது கேள்வி. கடனைக் கட்ட வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 1902 டிசம்பர் 29 அன்று வெனிசுவேலா முற்றுகையை எதிர்த்துக் குறிப்பு அனுப்பிய அர்ஜென்டின வெளியுறவு அமைச்சர் லூயிஸ் மரியா திராகோவும் அப்படிச் சொல்லவில்லை. கடனை ஒப்புக்கொள்ள வேண்டும், கட்டவும் வேண்டும், ஆனால் எப்போது எப்படி என்பதை அந்த நாடுதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் வங்கியில் இருந்த உங்களுக்கு உடனே புரியும்: கடன் கொடுப்பவர் நாட்டின் நிலைமையை எடைபோட்டு, ஆபத்துக்குத் தகுந்தபடிதான் வட்டியும் நிபந்தனையும் வைக்கிறார். ஆபத்துக்கும் சேர்த்து விலை வாங்கிவிட்டு, அப்புறம் தன் அரசாங்கத்தின் கப்பலையும் துணைக்கு அழைப்பது நியாயமில்லை.

வாங்கிய கடன் என்று எல்லாவற்றையும் சொல்லவும் முடியாது. 1825-இல் பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு தூதரை ஹைட்டிக்கு அனுப்பினார். அடிமைகளாக இருந்தவர்கள் பிரான்சிடமிருந்து போராடி விடுவித்த நாடு அது. சுதந்திரத்தை அங்கீகரிக்க விலை 15 கோடி பிராங்க், பழைய எஜமானர்களுக்கு நஷ்டஈடு. பின்னாளில் மொத்தம் 9 கோடியாகக் குறைத்தார்கள். முதல் தவணை கட்டவே பாரிஸில் 3 கோடிக்குக் கடன் வாங்கி, கழிவு போக 2.4 கோடிதான் கைக்கு வந்தது. அதுவும் நேராகப் பிரான்சுக்கே போனது. 2003-இல் அதிபர் அரிஸ்டீட் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். அடுத்த ஆண்டு அவர் பதவி போனது, பின்வந்த இடைக்கால அரசு கோரிக்கையைக் கைவிட்டது. 2025 ஏப்ரலில் இதை ஆராய வரலாற்றாசிரியர்களின் கூட்டு ஆணையம் அமைப்பதாகப் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை.