விருப்பமில்லாத அரசை மனித உரிமை ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்பட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் அது ஐ.நா. மனித உரிமை அமைப்புகள் கூடும் ஜெனீவாவில் நடக்காது. கடலூரில் வழக்குரைஞராக இருக்கிறேன். காவல் நிலையச் சித்திரவதை வழக்குகளைக் கையில் எடுப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வி அல்ல.

இலங்கையின் நல்லரத்தினம் சிங்கராசாவைப் பாருங்கள். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வைத்து 50 ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் 35. தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிவிடும் நெறிமுறையை இலங்கை 1997-இல் ஏற்றிருந்தது. குழு 2004-இல் அவர் பக்கம் நின்றது: விடுவிக்க வேண்டும் அல்லது மறுவிசாரணை, கூடவே இழப்பீடு. இலங்கை உச்ச நீதிமன்றமோ 2006-இல், அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று கதவைச் சாத்திவிட்டது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தம் உட்பட மூன்றை இலங்கை நிறைவேற்றவில்லை என்று 2010-இல் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பொருள்களுக்கான ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகையை நிறுத்தியது; ஆட்சி மாறிச் சீர்திருத்த வாக்குறுதிகள் வந்தபின் 2017-இல்தான் திருப்பித் தந்தது. பணம் பேசும், உண்மை. ஆனால் ஏற்றுமதி சுருங்கினால் முதலில் வேலை இழப்பவள் ஆடைத் தொழிற்சாலைப் பெண். அதனால் இந்த ஆயுதத்தை என்னால் மனதார ஆதரிக்க முடியவில்லை.

நான் நம்புவது உள்நாட்டு நீதிமன்றத்தை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் 1979-இல் சேர்ந்த இந்தியா, சட்டவிரோதக் கைதுக்கு அரசிடம் இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று விலக்குக் குறிப்பு எழுதி வைத்தது. காவல் நிலைய மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1996-இல், அந்தக் குறிப்பு பொருளிழந்துவிட்டது என்றது. அரசு தர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததை நீதிமன்றம் வாங்கிக் கொடுத்தது!

அதற்கும் யாராவது படியேற வேண்டும். 1993-இல் எங்கள் பக்கத்துக் கம்மாபுரம் காவல் நிலையத்தில் இராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டது வெளியே வந்ததற்குக் காரணம், அவருடைய மனைவி உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு.

சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதற்குச் சட்டப்படி கட்டுப்படுவதாக இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அந்த மசோதாவைப் பற்றிக் கேளுங்கள்; எழுத்தில் பதில் வாங்குங்கள்.